சந்தனம் மாமா மண்ணெண்ணெய் கலக்கவில்லை

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்கிறார்கள். சந்தனம் மாமாவைப் பற்றிச் சொல்ல நல்லது நிறைய இருக்கிறது. மற்றவர்களைப் பற்றித்தான் இல்லை.

பதுளையில் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லாரி வாசலில் நின்றது. புது டிரைவர் இறங்கி வந்தார். "ஆஸ்பத்திரியில சந்தனம் போயிட்டாரும்மா. வீட்டுக்குக் கொண்டு போறோம், நீயும் ஏறிக்க" என்றார். பின்னால், மாமாவின் தலையை மடியில் வைத்தபடி பாக்கியம் அத்தை உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அந்த லாரியை முன்பு ஓட்டியவர் மாமாதான். தேயிலைப் பெட்டிகளைப் பதுளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, அரிசியும் உரமும் ஏற்றிக்கொண்டு நமுனுகுல மலைக்குத் திரும்புவார். என் கையில் எப்போதும் புத்தகம் இருந்ததால் எனக்கு 'டீச்சரம்மா' என்று பெயர் வைத்திருந்தார். "இந்த மலையில டர்போ வண்டி ஓட்டுறது நான் ஒருத்தன்தான், டீச்சரம்மா" என்று பீற்றிக்கொள்வார். டர்போ என்பது இயந்திரத்துக்குள் காற்றைத் திணிக்கும் கருவி. மேட்டில் அது விசிலடிக்கும். மாமாவும் கூடவே விசிலடிப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அந்த விசில் நின்றுபோனது. சமதரையில் ஒழுங்காக ஓடும் லாரி, மேட்டுக்கு வந்ததும் கரும்புகை கக்கிக்கொண்டு திணறியது. பின்னால் ஏறியிருந்த தோட்டத்துப் பெண்கள் இறங்கி நடந்தார்கள்.

"சந்தனம், நாங்க தள்ளவா, தூக்கவா?"

"ஒங்க வாய மட்டும் எறக்கி வைங்க, பாதி பாரம் கொறைஞ்சிரும்!"

பதுளையிலிருந்து வந்த மெக்கானிக் ஷெட்டிலேயே வைத்து இயந்திரத்தை முறுக்கிப் பார்த்தார். அது நன்றாகவே உறுமியது. தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். "நிக்கிற வண்டிக்கு என்ன நோவு தெரியும்? மேட்டுல வச்சுப் பாருங்க" என்று மாமா கெஞ்சினார். தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் கேட்கவில்லை. டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலந்திருக்கிறான் என்றார்.

மாமா அவர் கண் முன்னாலேயே டேங்கைக் காலி செய்து, தோட்டத்து டீசலை ஊற்றி ஓட்டிக் காட்டினார். அப்போதும் லாரி ஏறவில்லை. டீசல்மேல் குற்றமில்லை என்று எனக்கே புரிந்தது. பெரிய கிளாக்கரோ, "அப்ப ஒனக்கு ஓட்டத் தெரியல" என்று சொல்லி, மாமாவை மலையில் புல்வெட்டப் போட்டுவிட்டு வேறு டிரைவரைக் கொண்டுவந்தார். அவருக்கும் லாரி ஏறவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் மாமாவை 'மண்ணெண்ணெய்' என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் சிரித்தார்கள்.

டர்போதான் செத்துவிட்டது என்று மாமா சத்தியம் செய்துகொண்டிருந்தார். அவர் நினைத்ததும் தவறுதான். பாக்கியம் அத்தைக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. ஒரு மாலை, தலையில் படிந்த தேயிலைத் தூசியை வாசலில் உட்கார்ந்து சீவிக்கொண்டே சொன்னார்: "அந்த ஃபேன் காத்துல எங்க மூக்கே அடைக்குது. அதுக்கு நேராத்தானே ஒங்க வண்டியும் நிக்குது? அது மட்டும் எப்படி மூச்சு விடும்?"

மாமா எழுந்து லாரியிடம் ஓடினார். தோட்டத்தை நடத்தும் துரை வரும் முற்றம் அழுக்காகக் கூடாது என்று, ஃபேன் தூசியைத் தள்ளும் பக்கவாசலில்தான் பெட்டி ஏற்ற வேண்டும் என்று பெரிய கிளாக்கர் உத்தரவு போட்டிருந்தார். இயந்திரத்தையும் அணைக்கக் கூடாது; அது அந்தத் தூசியையே இழுத்துக்கொண்டு நின்றது. மாமா காற்று வடிகட்டியைக் கழற்றியபோது அதில் பழுப்பு நிறத் தூசி கம்பளிபோல இறுகிக் கிடந்தது. பெரிய கிளாக்கர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அள்ளிக் குப்பையில போடு" என்றார். லாரி மறுபடி ஏறியது. மாமா புல்வெட்டவே போனார். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அதுதான் அவர் வேலை.

அன்றைக்கு மாமாவை ஏற்றிக்கொண்டு வந்தபோது, பெரிய வளைவில் லாரி விசிலடித்தது. யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை. அத்தை குனிந்து, "கேக்குதா? ஊதுதுங்க" என்றார். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தச் சத்தத்தையும், மேட்டில் வைத்துப் பாருங்கள் என்று அவர் கெஞ்சிய குரலையும்தான்.

அடுத்த வாரம் தோட்டத்து மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. இதைப் படிக்கும் தோட்டத்து ஆட்களே, நீங்களும் வந்திருந்தீர்கள். 'மண்ணெண்ணெய்' என்று சிரித்த வாய்களெல்லாம் அழுதன. பெரிய கிளாக்கர் மாலை போட்டு, "சந்தனம் மாதிரி நாணயமான டிரைவர் இந்தத் தோட்டத்துக்கு இனிக் கெடைக்க மாட்டான்" என்றார்.

பாக்கியம் அத்தை எழுந்து நின்றார். "அப்ப மண்ணெண்ணெய் கலந்தது யாருங்கய்யா?"

ஸ்டோருக்குக் கரண்ட் வேண்டும், கூட்டம் முடிந்தது என்று பெரிய கிளாக்கர் கையைக் காட்டினார். அத்தை இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.