நாணயத்துக்கு டச்சப் செய்த கதை

1. புளி

காலடிப்பேட்டையில் இருபத்தாறு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று முகம் முகமாக எடுத்துத் தள்ளியவள். என்னை முதன்முதலாக நாணயத்தைப் படமெடுக்கச் சொன்னவர் சேவியர் அண்ணன். முதல் நாளே அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அண்ணன் ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மேலே உட்கார்ந்திருக்கும் கிரேன் ஆபரேட்டருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. தரையில் நிற்கும் சிக்னல்மேன் கை காட்டினால்தான் ஏற்றுவார், இறக்குவார். "என் கண்ண நம்பித்தாம்மா அம்மாம் பெரிய கிரேன் ஓடிச்சு" என்று அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

பெரம்பூரில் நாணயம் சேர்ப்பவர்களின் சங்கம் ஒன்றில் அவர் பழைய உறுப்பினர். சங்கம் ஒரு சிறப்பு மலர் போடுவதாகவும், தன் நாற்பது காசுகளுக்கு அதில் நான்கு பக்கம் ஒதுக்கியிருப்பதாகவும் சொன்னார். சொல்லும்போது குரலே மாறியிருந்தது.

முதல் காசை எடுத்து மேஜையில் வைத்தார். கறுத்துப்போய்க் கிடந்தது.

"இருங்கண்ணே, கொஞ்சம் புளி போட்டுத் தேச்சு எடுத்துக்கினு வரேன். பளபளன்னு ஆயிடும்" என்றேன்.

காசை வெடுக்கென்று பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "இன்னாமா நீ! குத்துவிளக்கா இது? இந்தக் கறுப்பு ஏற அறுபது வருசம் ஆச்சு. தேச்சினா காசு செத்துப் பூடும்."

நாணயத்தைத் தேய்க்கக் கூடாது, முகத்தில் கைரேகை படாமல் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

2. லென்ஸ்

கல்யாணத்துக்கு எடுக்கும் போர்ட்ரெய்ட் லென்ஸை மாட்டிப் பார்த்தேன். கொஞ்சம் கிட்டே போனாலும் ஃபோகஸ் கிடைக்கவில்லை. தள்ளிப் போனால் காசு நெற்றிப் பொட்டு அளவுக்குத் தெரிந்தது. சரி, சின்னப் பொருளைக் கிட்டே போய்ப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வேண்டும் என்று வாடகைக்கு எடுக்கப் போனேன். அறுபது எம்.எம். மலிவாகக் கிடைத்தது. எடுத்து வந்தேன்.

படம் பெரிதாகத்தான் விழுந்தது. ஆனால் காசு ஃபிரேம் நிறைய வர வேண்டுமானால் லென்ஸை நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. லென்ஸின் நிழலே காசின் மேல் விழுந்தது. விளக்கை எந்தப் பக்கம் வைத்தாலும் காசில் இருந்த ராஜா முகம் பாதி இருட்டு. மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டு நூறு எம்.எம். வாங்கி வந்தேன். இதில் காசுக்கும் லென்ஸுக்கும் நடுவே இடம் இருந்தது. வெளிச்சம் சாய்வாக உள்ளே போனது, எழுத்தெல்லாம் எழும்பி நின்றது. நாணயம் எடுக்க லென்ஸ் வாங்குபவர்கள் எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். எவ்வளவு தள்ளி நின்று காட்டும் என்றும் கேளுங்கள்.

ஸ்டாண்டுக்குச் செலவில்லை. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போட வைத்திருந்த பழைய என்லார்ஜர் பரணில் கிடந்தது. அதன் தலையைக் கழற்றிவிட்டு, கேமராவைக் கீழ்நோக்கி மாட்டினேன். காசு வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தால் கேமரா சாயாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவும் செய்து எடுத்தால் படம் மங்கல். என் கடை மெயின் ரோட்டில் இருக்கிறது. எண்ணூர் பக்கம் போகும் கன்டெய்னர் ட்ரெய்லர் ஒவ்வொன்றுக்கும் தரை அதிர்கிறது. இருபத்தாறு வருஷம் எந்த மணமகனும் இதனால் மங்கியதில்லை. மேக்ரோவில் அந்த அதிர்வும் பெரிதாகிவிடுகிறது.

"வுடு, அத்த நான் பார்த்துக்கறேன்" என்று அண்ணன் வாசலில் போய் நின்றார். ட்ரெய்லர் வந்தால் கையை விரித்து 'நிறுத்து'. ரோடு காலியானால் கட்டை விரலைத் தூக்கி 'அடி'. மூன்று மத்தியானம் இப்படியே ஓடியது. ஒரு நாள் அவர் விரித்த கையைப் பார்த்து ஒரு ட்ரெய்லர்காரர் வண்டியையே நிறுத்திவிட்டார்.

"இன்னா நைனா, செக்கிங்கா?"

"இல்ல மாமு, காச போட்டோ புடிச்சிகினு கீறாங்க. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ரெண்டு நிமிசம் அப்டியே நில்லு."

அவரும் நின்றார். அந்த வரிசையிலேயே தெளிவான படம் அதுதான்.

3. பரு

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, டச்சப்பில் தூசியை மட்டும் நீக்கிக்கொண்டே வந்தேன். முப்பத்தொன்பது காசு முடிந்தது. நாற்பதாவதைத் திறந்தபோது போன் வந்தது. ஒரு மணப்பெண்ணின் அம்மா. மகள் மூக்கில் ஒரு பருவை விட்டுவிட்டேனாம். "கண்ண எங்க வெச்சிகினு வேலை செய்யறீங்க?" என்று கால் மணி நேரம் கிழித்தார். போனை வைத்த கையோடு, எரிச்சலில், எதிரே இருந்த படத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்தேன்.

எதிரே இருந்தது மணப்பெண் இல்லை, ஒரு ரூபாய்க் காசு. வருஷத்துக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தது. பரு மாதிரியே இருந்தது.

மலர் வெளியான நாலாம் நாள் அண்ணன் வந்தார். கையில் மலர், காசு, பூதக்கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்து மலரையும் காசையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணு பூட்ச்சாம்மா?"

விஷயம் இதுதான். வருஷத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் நொய்டாவில் அடித்த காசு. எந்தக் குறியும் இல்லாவிட்டால் கல்கத்தா. அந்த வருஷம் கல்கத்தாவில் அந்தக் காசு அடிக்கவேயில்லை என்பது சங்கத்துக்காரர்களுக்கு மனப்பாடம். அப்படியானால் மலரில் இருப்பது போலிக் காசு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் விளக்கம் சொல்லாவிட்டால் சேவியரை நீக்க வேண்டிவரும் என்று செயலாளர் தணிகாசலம் கடிதம் எழுதிவிட்டார்.

"காசப் பார்த்தா புள்ளி கீது. புக்குல பார்த்தா இல்ல. மிஷினு பொய் சொல்லாது. அப்ப நான்தான் இல்லாத புள்ளியப் பார்த்துகினு கீறேன். ஸ்டெல்லாவும் அதாம்மா சொல்லுது, உனக்குக் காசு பார்த்துப் பார்த்து கண்ணு அவிஞ்சு போச்சுன்னு. எல்லாத்தையும் சங்கத்துக்கே குடுத்துட்டு நிறுத்திக்கலாம்னு கீறேன்."

ஸ்டெல்லா அண்ணி அவர் மனைவி. பரு என்று நான் துடைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிரிண்டிங்கில் போயிருக்கும் என்று சொல்ல வாய்வரை வந்தது. அச்சகத்துக்காரர் என்ன வந்து சண்டையா போடப் போகிறார்? ஆனால் அண்ணன் நகத்தால் அந்தப் புள்ளியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை நம்பாமல் விரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"அண்ணே, நான்தான் அழிச்சிட்டேன். பருன்னு நெனச்சு."

எழுந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"அப்ப என் கண்ணு நல்லா கீதா?"

"நல்லா இருக்குண்ணே. எனக்குத்தான் இல்ல."

அப்படியே உட்கார்ந்து ஓவென்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு டீ குடித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

4. ஞாயிற்றுக்கிழமை

கேமரா, நூறு எம்.எம்., என்லார்ஜர் ஸ்டாண்டு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரம்பூர் போனேன். கூட்டம் நடந்த ஹாலில் ஒரு டிவி இருந்தது. அதில் கேமராவை இணைத்து, எல்லார் முன்னாலும் காசை வைத்து ஃபோகஸ் செய்தேன். புள்ளி பூசணிக்காய் அளவுக்கு வந்து நின்றது.

"அப்ப மலர்ல எங்க போச்சு?" என்றார் தணிகாசலம்.

"நான் கல்யாண ஸ்டூடியோ வெச்சிருக்கேன் சார். முகத்துல புள்ளி இருந்தா அழிச்சித்தான் பழக்கம். தப்பு என்னுது. அண்ணன் மேல ஒண்ணும் இல்ல."

முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு மொத்த ஹாலும் சிரித்தது. எனக்கு மானம் போனது, போனால் போகட்டும். தணிகாசலம் மேடையிலிருந்து இறங்கி வந்து அண்ணனின் இரண்டு கையையும் பிடித்து, "மன்னிச்சிடுப்பா, நேர்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார். மலரில் திருத்தச் சீட்டு ஒட்டுவதாக ஒத்துக்கொண்டார்கள். ஒட்டும் வேலையை மட்டும் என் தலையில் கட்டினார்கள்.

இப்போது நாணயம் வந்தால் டச்சப் பக்கமே போவதில்லை. தூசி தெரிந்தால் ப்ளோயரால் ஊதிவிட்டு மறுபடி எடுப்பேன். மனிதர்கள் வந்தால், எதை விடுவது, எதை எடுப்பது என்று முதலிலேயே கேட்டுவிடுவேன்.

அடுத்த மாதம் அண்ணனும் அண்ணியும் கல்யாண நாளுக்குப் படம் எடுக்க வந்தார்கள். வழக்கப்படி கேட்டேன். அண்ணன் விரலை நீட்டினார். "ஒரு புள்ளி தொடக் கூடாது. கீறது கீறபடியே வரணும்."

சொல்லிவிட்டுத் தலை சீவக் கண்ணாடிப் பக்கம் போனார். அண்ணி என் காதருகே வந்தார்.

"அவரு கெடக்கறாரு. கன்னத்துல மங்கு, தாடையில மரு, கண்ணுக்குக் கீழ கறுப்பு, எல்லாத்தையும் எடுத்துடுமா. நான் இன்னா காசா, அப்டியே வெச்சிகினு இருக்க?"