காலுக்கு முழுப்பேர்

1. பிளாஸ்க்கோடு வந்தவர்

"ஐயோ, கரண்ட் வச்சுட்டாங்க! வயரப் புடுங்குங்க!"

ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தபோது, தசை தூண்டும் மெஷின் வந்த முதல் வாரம் கேட்ட அலறல் இது. அலறியது நோயாளி இல்லை, அவருடைய புருஷன் முத்தையா. தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்து ரிட்டயரானவர். கட்டிலில் கிடந்த ராசம்மாவோ, தொடையில் வயர் மாட்டிய பேட் ஒட்டியபடி, தானாகத் துள்ளும் தசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுமை அன்றைக்கும் கம்மி, இன்றைக்கும் கம்மி. "சத்தம் போட்டா உங்களுக்கும் ரெண்டு பேட் ஒட்டிருவேன். வெளிய உக்காருங்க" என்றேன். மனுஷன் தேத்தண்ணி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ராசம்மா கொழுந்து பறித்தே முழங்கால் தேய்ந்தவர். நீரிழிவு என்கிற சீனி நோய். பாதத்தில் ஆறாத புண். ஆறும்வரை காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். நடந்தால் புண் ஆறாது. நடக்காமல் கிடந்தால் தொடைத் தசை கரையும், சீனியும் இறங்காது. அந்த இக்கட்டுக்குத்தான் மெஷின். லேசான மின்சாரம் தசையைச் சுருக்கி விரிக்கும், அந்த வேலைக்குத் தசை கொஞ்சம் சீனியைச் செலவழிக்கும். நடைக்கு அது ஈடாகாது, நடக்க முடியாத காலத்துக்கு ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இதை ஒட்டாதீர்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, அதனால் பேட்டை எடுத்ததும் தோலைப் பாருங்கள்.

"எங்க லயத்து வீடு றொசல்ல பக்கம், மேட்டுல இருக்கு மிஸ்" என்றார் ராசம்மா. "ரோட்டுல எறங்கி படியேறித்தான் போகணும். இப்ப டவுன்ல தங்கச்சி வீட்டுல கெடக்கோம். பொங்கலுக்குள்ள ஏறாட்டி கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிருவேங்கிறான் மகன். நல்ல புள்ளதான். ஆனா அங்க மாடியில சுவத்தப் பாத்துக்கிட்டு எப்படி மிஸ் கெடக்கிறது? எங்க வாசல்ல நின்னா மலை தெரியும்."

"அப்ப ஏறிருவோம்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

2. உள்ளங்கைச் சீனி

வாரங்கள் போயின. தொடையில் தசை கொஞ்சம் திரண்டது. ஆனால் இரத்தத்தில் சீனி இறங்கவில்லை, புண்ணும் ஆறவில்லை. "இப்படியே போனா விரல எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டால், "குரக்கன் ரொட்டிதான் மிஸ்" என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் சொல்வார்கள். குரக்கன் என்றால் கேழ்வரகு, சீனி நோய்க்கு ஏற்றது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தானே! ஒரு நாள் மெஷின் முடிந்தபின் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போனேன். சக்கர நாற்காலியை ஓரமாக நிறுத்திவிட்டு மர வாங்கில் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பிளாஸ்க்கிலிருந்து பால் கலக்காத சாயத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க, ராசம்மா உள்ளங்கையில் சீனியை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று ருசித்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிற விதம்தான்.

"என்ன வேல பாக்குறீங்க ரெண்டு பேரும்?" என்று கத்தினேன்.

ராசம்மா கையை மூடிக்கொண்டார். முத்தையா எழுந்து நின்றார். "கோவப்படாதீங்க மிஸ். கால் இன்னைக்கி முழுப்பேரு போட்டிருச்சில்ல? வேல வாங்கிட்டுச் சம்பளம் குடுக்காட்டி எப்படிங்க?"

தோட்டத்தில் சொன்ன நிறைக்குக் கொழுந்து பறித்தால் அன்றைக்கு முழுப்பேர், முழுச் சம்பளம். நிறை குறைந்தால் அரைப்பேர். மனுஷன் மெஷினுக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் பெண்டாட்டியின் காலுக்கு அவர் கொடுத்த கூலி அந்தச் சீனி. அவ்வளவு பிரியம் அவருக்கு!

நானும் வாங்கில் உட்கார்ந்தேன். "ஐயா, இந்த மெஷின் போடுறது அரைப்பேருதான். மத்த அரைப்பேர வாய்தான் போடணும். சீனி குடுத்தா அந்த அரைப்பேரும் போயிரும், விரலும் போயிரும். அப்பறம் படியும் இல்ல, லயமும் இல்ல."

முத்தையா பிளாஸ்க்கை மூடினார். "நானாடி ஒன் வெரலுக்கு ஒல வச்சேன்?" என்று அழுதேவிட்டார்.

மறுநாளிலிருந்து அவரும் சீனியை விட்டார். "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதாம்?" என்று ராசம்மா சீண்டுவார். முத்தையா வெறும் சாயத்தைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்.

3. படி

சீனி இறங்கியது. புண் மெல்ல மூடியது. டாக்டர் சொன்ன பிறகு காலை ஊன்ற வைத்து, கம்பியைப் பிடித்து நடக்கப் பழக்கினேன். பொங்கலுக்கு முந்திய ஞாயிறு, லீவு போட்டுவிட்டு நானும் அவர்களோடு போனேன்.

லயத்துக்கு ஏறும்போது ராசம்மா நாலு படிக்கு ஒருமுறை நின்றார். கொழும்பிலிருந்து வந்திருந்த மகன் தூக்கப் போனான். "தொடாதடா!" என்று அதட்டினார். உச்சிப் படியில் நின்று மலையைப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"மிஸ், இன்னைக்கி என்ன பேரு?"

"முழுப்பேரும்மா" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே முத்தையாவிடம் உள்ளங்கையை நீட்டினார். அவர் என்னைப் பார்த்தார், ராசம்மாவைப் பார்த்தார். பிறகு அந்த வெறுங்கையில் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். "போதுமய்யா, விடுங்க, மிஸ் பாக்குறாங்க" என்றார் ராசம்மா. அவர் விடவில்லை.

நான் ரிட்டயராகி விட்டேன். இப்போது நல்ல மெஷின்கள் எல்லாம் வந்திருக்கின்றன. பிள்ளைகளே, பேட் ஒட்டும் முன், இந்தக் கால் எங்கே போக ஆசைப்படுகிறது என்று கேளுங்கள். வெளியே பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பவரையும் உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள்.