கன்னியம்மாள் எடுத்த தட்டு

காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி ரோட்டின் மேலேயே ஒரு இத்தாலிக் கடை இருக்கிறது. கடைக்கு முதலாளி ராகவன் வைத்த பேர் வேறு. அது கன்னியம்மாள் வாயில் நுழையாது. அவளுக்கு அது பீட்சா கடை, அவ்வளவுதான். எட்டு மேசை, சிவப்புக் கட்டம் போட்ட விரிப்பு, சுவரில் சாய்ந்து நிற்கிற கோபுரத்தின் படம். சேர்ந்த புதிதில் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கழுத்து வலிக்கும். இப்போது பழகிவிட்டது.

அவள் வீடு வேப்பம்பட்டில். புருஷன் லோகநாதன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் ஆவடி வரைக்கும் ரயில், அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. பத்தரைக்குக் கடைக்கு வந்துவிடுவாள். முன்னே அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கண் மங்கியதும் அங்கே நிறுத்திவிட்டார்கள். இங்கே மேசை துடைக்கிற வேலை. அதற்குக் கண் அவ்வளவாக வேண்டாம், கை வேகமாக இருந்தால் போதும்.

அவள் கை வேகம். எழுந்து போகிறவர்களின் நாற்காலி ஆறுவதற்குள் தட்டு உள்ளே போயிருக்கும், மேசை பளபளவென்று இருக்கும். ராகவனே சொல்வார், "கன்னிமா, நீ தொடச்ச மேசையில யாரும் சாப்பிட்ட மாதிரியே தெரியல." அதைக் கேட்டால் அவளுக்குப் பெருமை.

அந்தப் பெருமைதான் அவளை மாட்டிவிட்டது.

சித்திரை அமாவாசை. அவள் அன்று ஒருபொழுது. பதினொரு மணி இருக்கும். கடை திறக்கப் பன்னிரண்டு ஆகும். ராகவன் காய்கறி வாங்கக் கோயம்பேடு போயிருந்தார். பின்கட்டில் ஜேம்ஸ் மாவு உருட்டிக்கொண்டிருந்தான். அடுப்பு மாஸ்டர் அவன். கன்னியம்மாள் பின்பக்கம் துடைப்பான் அலசிவிட்டு முன்னே வந்தாள்.

கோபுரப் படத்துக்குக் கீழே இருக்கிற மேசையில் ஒரு முழு பீட்சா. சோளமும் பனீரும் போட்டது. ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு தட்டு, ஒரு டம்ளர் தண்ணீர். நாற்காலியில் ஆள் இல்லை.

கண்ணாடிக்கு வெளியே மூன்று பேர் ரோட்டைப் பார்த்து, கடைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். வண்டிக்காக நிற்கிறார்கள் என்று நினைத்தாள். முன்கூட்டியே போனில் சொன்னால் கடை திறக்கும் முன்னேயும் ஜேம்ஸ் போட்டுக் கொடுப்பான். வாங்கி வைத்துவிட்டுத் தொடாமலே போகிறவர்கள் இந்தக் கடையில் புதிது இல்லை. போன் வரும், சண்டை வரும், எழுந்து போய்விடுவார்கள். முதலில் அவளுக்கு மனசு அடித்துக்கொள்ளும். இப்போது கைதான் வேலை செய்யும், மனசு சும்மா இருக்கும்.

எடுத்தாள். அப்படியே கருப்புப் பையில் கவிழ்த்தாள். விரிப்பை உதறிவிட்டு, தட்டைக் கழுவிப் பழைய இடத்திலேயே வைத்தாள். தட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி கொஞ்சம் வெளியே இழுத்திருந்தது. அதை உள்ளே தள்ளப் போனாள், நகரவில்லை. கால் எதிலோ மாட்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கதவு மணி அடித்தது. வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் ஒரு அம்மா, பின்னால் கண்ணாடி போட்ட பெரியவர், அவருக்குப் பின்னால் நெற்றியில் பொட்டு இல்லாத சின்னப் பெண். அந்த அம்மா மேசையைப் பார்த்தார். கழுவின தட்டைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பிட்டுட்டான்ங்க," என்றார் பெரியவரைப் பார்த்து. "முழுசா சாப்பிட்டுட்டான். பாருங்க, ஒரு துளி மிச்சம் இல்ல."

கையில் துணியோடு கன்னியம்மாள் நின்றாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார்.

அவர் பேர் பார்வதம். வீட்டுக்காரர் சுப்பராயன், ஆவடி பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் கோகுல்நாத். கம்ப்யூட்டர் வேலை, இந்தப் பக்கம்தான் ஆபீஸ். சனிக்கிழமை தவறாமல் இந்த மேசையில் உட்கார்ந்து இதைத்தான் சாப்பிடுவானாம். போன ஆனி அமாவாசை அன்றைக்கு வீட்டுக்கே ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். பார்வதம் முன்னோருக்குச் சமைத்து முடித்திருந்தார், படையல் இன்னும் போடவில்லை. அமாவாசையும் அதுவுமாக வெளிச் சாப்பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டானே என்று கோபம். அவன் பிரித்து வைத்துத் தட்டில் ஒரு துண்டு போட்டுக்கொண்ட பிறகு, தட்டோடு பிடுங்கிக்கொண்டு போய்ப் பின்னால் போட்டுவிட்டார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போனான். குமணன்சாவடி தாண்டவில்லை.

"பசியோட போனாம்மா," என்றார் பார்வதம். "பத்து மாசமா அமாவாசைக்கு அமாவாசை சோறு வெக்கிறேன். காக்கா வந்து சுவத்துமேல உக்காருது, பாக்குது, போயிடுது. வாய் வெக்க மாட்டேங்குது. மருமக அகல்யாதான் சொன்னா, அவருக்குப் புடிச்ச எடத்துலயே வெச்சிப் பாக்கலாம் அத்தேன்னு. ஒங்க மொதலாளி கிட்ட போன்ல கேட்டேன். நல்ல மனுஷன், சரின்னாரு."

படையல் போட்டால் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். இறந்தவர்கள் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது. இது கன்னியம்மாளுக்குத் தெரியாதா என்ன? மாமியாருக்கு அவளே இருபது வருஷமாகப் போடுகிறாள். தெரிந்திருந்தும் பீட்சாவைப் பார்த்து அவளுக்குப் படையல் என்று தோன்றவில்லை. ராகவனும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மார்க்கெட் போய்விட்டார்.

சொல்ல வாயைத் திறந்தாள். பார்வதம் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாய் மூடிக்கொண்டது.

அடுத்த அமாவாசைக்கும் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போது மறுபடியும் நாற்காலியை உள்ளே தள்ளினாள் கன்னியம்மாள். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

அந்த மாசம் அவள் சரியாகத் தூங்கவில்லை. செத்தவன் சோற்றைக் குப்பையில் கொட்டினது ஒரு பாவம். பெற்றவளை ஏமாற்றினது அதைவிடப் பெரிய பாவம். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்தக் கருப்புப் பைதான் கண்ணுக்கு முன்னால் நிற்கும். செவ்வாய்க்கிழமை மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழ விளக்குப் போட்டாள். "தாயே, வாயைத் தொறக்க வெச்சிடு," என்று மட்டும் கேட்டாள்.

ஜேம்ஸிடம் சொன்னாள். அவன் மாவைத் தட்டிக்கொண்டே சிரித்தான்.

"யக்கா, அந்தம்மா ஒரு வருசம் கயிச்சி இப்பதான் நிம்மதியா கீது. நீ போயி அத்த கெடுக்கப் போறியா?"

"பொய் சொல்லிக்கினு எப்டிடா இருக்கறது?"

"நீ இன்னா பொய் சொன்ன? தொடச்ச. தொடைக்கத்தான ஒனக்கு சம்பளம்? வர்ற அமாசைக்கும் சத்தம் போடாம தொடச்சி வுட்டுடு. அந்தம்மாவும் சந்தோசம், மொதலாளிக்கும் ஒரு பீட்சா வித்த மாதிரி."

"ஒனக்கு எல்லாம் வெளையாட்டு."

"எனக்கு ஒண்ணும் இல்ல யக்கா. எங்காளுங்களும் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்தறாங்க. எவனும் எந்திரிச்சி வந்து ஊதி அணைக்கறதில்ல."

அவள் முடிவு செய்துவிட்டாள். இந்தத் தடவை ஒருத்தரும் உள்ளே இருக்கக் கூடாது. வைத்தது வைத்தபடி இருக்கும். அந்த அம்மா பார்ப்பார். அப்போது காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம்.

வைகாசி அமாவாசை வந்தது. வானம் மூடிக் கிடந்தது, மழையும் இல்லை, காற்றும் இல்லை. ராகவன் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுக் கோயம்பேடு போயிருந்தார். பார்வதம், சுப்பராயன், அகல்யா மூன்று பேரும் பதினொரு மணிக்கு வந்தார்கள். பீட்சாவை ஆறு துண்டாக வெட்டி, பார்வதமே கோபுரப் படத்துக்குக் கீழே வைத்தார். தண்ணீர் வைத்தார். கற்பூரம் காட்டினார். நெருப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் நேராக நின்று எரிந்தது.

கன்னியம்மாள் பின்கட்டுக்குப் போனாள். "ஜேம்ஸு, வெளிய வா. அடுப்ப அணைச்சிட்டு வா."

"நான் எதுக்கு?"

"வான்னா வாயேன்."

பின்கதவுக்குத் தாழ் போட்டாள். முன்கதவைப் பூட்டினாள். சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். ஐந்து பேரும் கடைக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து நின்றார்கள். பஸ் போனது, தண்ணி லாரி போனது. ஜேம்ஸ் ஒரு தடவை இருமினான். கன்னியம்மாளுக்கு முதுகு மட்டும் சில்லிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ ஏசி போட்டுவிட்ட மாதிரி. போடவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

கால் மணி நேரம் கழித்து சுப்பராயன், "போதும், திறம்மா," என்றார்.

அவள் கையாலேயே திறந்தாள்.

நாற்காலி வெளியே இழுத்துக் கிடந்தது. ஆறு துண்டில் இரண்டு இல்லை. தட்டில் இரண்டு ஓரம் மட்டும், கடித்து முடித்த வளைவான ஓரம், ஒன்றை ஒட்டி ஒன்று. மூன்றாவது துண்டைத் தூக்கி மறுபடியும் வைத்த மாதிரி சீஸ் நூல் நூலாக நீண்டு கிடந்தது. பீட்சாவோடு வைத்திருந்த காரப்பொடிப் பொட்டலம் ஒன்று மூலை கிழிந்திருந்தது. டம்ளரில் தண்ணீர் பாதிதான்.

ஜேம்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான். பின்கட்டுக்கு ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தான். போட்டது போட்டபடி இருந்தது.

பார்வதம் பயப்படவில்லை. அவருக்கு இது இரண்டாம் தடவை.

"ஓரத்த திங்க மாட்டான்," என்றார் அகல்யாவிடம். "சின்னதுல ரொட்டி குடுத்தாலும் நடுவுலதான் திம்பான். போன தடவ ஓரத்தக்கூட வெக்கல பாரு. அவ்ளோ பசி."

அந்த மூன்று பேருக்கும் இது இரண்டாவது. கன்னியம்மாளுக்கும் ஜேம்ஸுக்கும்தான் இது முதல் தடவை.

"அம்மா," என்றாள். "போன தபா அவுரு சாப்பிடல. நான்தான் எடுத்தேன். நீங்க கெளம்பிட்டீங்கன்னு நெனச்சி எடுத்துக் கொட்டிட்டேன். ஒங்ககிட்ட சொல்ல வாய் வரல. மன்னிச்சிக்கோங்க."

சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றினார். அகல்யா அத்தையைப் பிடித்துக்கொண்டாள். பார்வதம் தட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"நீ எடுக்கும்போது சூடா இருந்துச்சா?"

"ஆவி பறந்துச்சும்மா."

"நாற்காலி?"

"வெளிய இழுத்துக் கெடந்துச்சு. தள்ளினேன். நகரல."

"நான் இழுத்து வைக்கல," என்றார் பார்வதம். "நாங்க யாரும் அந்த நாற்காலியத் தொடவே இல்ல."

அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அவன் வந்து உட்கார்ந்திருக்கிறான். கை வைக்கப் போகும்போது அவள் தட்டை எடுத்திருக்கிறாள். குனிந்து அவன் முகத்துக்கு நேரே கை நீட்டி எடுத்திருக்கிறாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"வீட்ல நான் புடுங்கினேன். இங்க நீ," என்றார் பார்வதம். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ஜேம்ஸு தம்பி, இன்னொண்ணு போடுப்பா. இந்தம்மா கையால வெக்கட்டும்."

ஜேம்ஸ் அடுப்பை மூட்டினான். இருபது நிமிஷம் ஆனது. கன்னியம்மாள் காலையில் குளித்த தலையை முடிந்துகொண்டு, தட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். மேசையில் வைத்தாள். யாரும் இல்லாத நாற்காலிக்கு முன்னால் நின்றாள். வருகிறவர்களிடம் தினமும் கேட்கிறதுதான் வாயில் வந்தது.

"சாஸ் எதுனா வேணுமா நைனா?"

பதில் வருகிற நேரம் வரைக்கும் நின்றாள். "பொறுமையா சாப்டு. நான் எடுக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினாள்.

மறுபடியும் திறந்தபோது அந்த பீட்சா வைத்தபடியே இருந்தது. ஒரு துண்டும் குறையவில்லை. நாற்காலி மட்டும் மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளியிருந்தது, சாப்பிட்டு எழுந்து போகிற நல்ல பிள்ளைகள் தள்ளிவிட்டுப் போகிற மாதிரி.

பார்வதம் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "வயிறு நெறஞ்சிடுச்சு," என்றார். உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்துத் தின்றார். வாழ்க்கையில் அதுவரை அவர் அதைத் தொட்டதில்லையாம். படையல் சோறு எல்லாருக்கும் பொது, அதனால் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். கன்னியம்மாளுக்கும் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். உப்பாக இருந்தது.

ஆனி அமாவாசைக்கு அவர்கள் வரவில்லை. அகல்யா போன் செய்து ராகவனிடம் சொன்னாளாம், காக்கா சோறு எடுத்துவிட்டது என்று.

கன்னியம்மாள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். கை பழைய வேகம் இல்லை. ஆள் இருக்கிற மேசையோ, ஆள் எழுந்து போன மேசையோ, தட்டில் கை வைக்கும் முன்னே, "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு நிற்பாள். பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். ராகவன் ஒரு தடவை சத்தம் போட்டார், அப்புறம் விட்டுவிட்டார்.

போன வாரம் நல்ல கூட்டம். ஜன்னலோர மேசையில் ஒரு புருஷன் பெண்டாட்டி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள். கன்னியம்மாள் குனிந்தாள், கேட்டாள், நின்றாள். தட்டு வரைக்கும் போன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "சரி நைனா, அப்பறமா வரேன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.