பெலாச்சான் வெட்டிய கத்தி

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், தியேட்டரில் படம் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், எங்கள் காஜா பெராங் வீட்டுக்கு ஒரு துருப்பிடித்த கத்தியைக் கொண்டுவந்தார். அறுந்த ஃபிலிமை ஒட்டுமுன் முனையை நேராக வெட்டும் சின்னக் கத்தி. ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் தூக்கிப் போட்டதாம்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சாணைக்கல்லில் இரண்டு நாள் தீட்டினார். அடிக்கொருதரம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் வாங்கிய புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு எதிரே போய் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா, வெளிச்சத்த மறைக்கிற."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் குளிக்கப் போன நேரம், அந்தக் கத்தியாலேயே நாறும் இறால் பெலாச்சான் கட்டியைத் துண்டு துண்டாக நறுக்கினேன். துடைக்காமல் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வந்து எடுத்தவர் முகர்ந்து பார்த்தார்.

"இதுலயா பெலாச்சான் வெட்டுன?"

"ஆமா. நல்லாத்தான் வெட்டுது."

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவரோ கத்தியை வெந்நீரில் கழுவி, மடியில் துண்டை விரித்து அதன்மேல் வைத்து, முதலிலிருந்து தீட்ட உட்கார்ந்தார்.

அந்தக் கத்திச் சிறுக்கிக்கு இன்னும் இரண்டு நாளை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.