உப்பில்லாத விரதம்

உலோகங்களிலேயே எடை குறைந்தது லித்தியம். எண்ணெயில் போட்டால்கூட மிதக்கும், கத்தியால் நறுக்கலாம். இன்று என் கைபேசிக்குள் இருக்கிறது, மகள் ஓட்டும் மின்ஸ்கூட்டருக்குள் இருக்கிறது. பெயர் தெரியாத வயதிலேயே நான் அதைப் பார்த்திருக்கிறேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் அம்மா ஒளித்துவைத்திருந்த வெள்ளை மாத்திரை அந்த உலோகத்தின் உப்புதான்.

மாத்திரை வருவதற்கு முன் அம்மா சில மாதம் தூங்காமல் பாடுவாள், வீட்டுப் பாத்திரங்களைக் கண்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பாள். சில மாதம் சுவரைப் பார்த்தே படுத்துக்கிடப்பாள். மாத்திரை வந்தபின் பருப்புக் கடைந்தாள், எனக்குப் பேன் பார்த்தாள், திட்டினாள். அம்மாவிடம் திட்டு வாங்குவதுதான் எத்தனை சுகம்! கூடவே இருந்த அத்தையிடம் அது சத்து மாத்திரை என்று சொல்லிவைத்திருந்தார்கள். உண்மை அப்பாவுக்கும், கோவையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருள் கட்டும் மாமாவுக்கும் மட்டுமே தெரியும். மாமாதான் அம்மாவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவார். ஒவ்வொரு முறையும் உப்பு நாரத்தங்காய் வாங்கிவருவார். "உப்பக் கொறைக்காதக்கா, தண்ணி நல்லாக் குடி" என்பார்.

அந்தப் பங்குனியில் மாரியம்மன் கோயிலில், அம்மனின் புருஷனாக வணங்கும் மரக்கம்பத்தை நட்டார்கள். அதற்குத் தினமும் நீர் ஊற்றும் பெண்களுக்கு, நோன்பு முடியும்வரை உப்பில்லாத கூழ்தான். அத்தை சொன்னபோது அம்மா மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே!

நோன்பின் கடைசி நாளன்று அப்பா மில் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். உச்சி வெயிலில் கம்பத்தைச் சுற்றிய அம்மாவின் கை நடுங்கியது. கால் பின்னியது. குடம் விழுந்து உருண்டது.

"எம்பட தம்பி பொண்டாட்டி மேல ஆத்தா வந்துட்டாளுங்கோ!" என்று அத்தை கைகூப்பினாள். மேளம் வேகமெடுத்தது. ஒருவர் காலில் விழுந்து, "மழ பேயுமுங்களா தாயி?" என்றார். அம்மா ஏதோ குழறினாள்.

"பேயுமாமுங்க!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாமியின் மகள் அல்லவா நான்!

அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கிவந்த மாமா என் தோளைப் பிடித்தார். "அம்மா என்ன தின்னா கண்ணு?"

"கம்பம் நட்டதுலருந்து உப்பில்லாத கூழு மாமா."

நாரத்தங்காய்ப் பை கீழே விழுந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனவர் அம்மாவைத் தூக்கித் தோளில் போட்டார்.

"அடப்பாவி, ஆத்தாளத் தொடாத!" அத்தை அலறினாள்.

"வழி உடுங்க, அக்காளுக்கு வெயிலு ஒத்துக்கலீங்க." மாமா சாலையைப் பார்த்து ஓடினார். தேங்காய் ஏற்ற வந்த டெம்போ அம்மாவோடு கோவைக்குப் பறந்தது. நான் அழுதேன், பாதியில் போன சாமிக்காக.

உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் தங்கும், மருந்தே நஞ்சாகும் என்பதெல்லாம் பின்னாளில் படித்தது. ஆஸ்பத்திரியில் உப்புநீர் ஏற்றி அம்மாவை எங்களுக்குத் திருப்பித் தந்தார்கள். அந்த டாக்டருக்கும், காசு வாங்க மறுத்த டெம்போக்காரருக்கும் இன்றும் மனசுக்குள் ஒரு கும்பிடு உண்டு.

ஊர் மாமாவை விடவில்லை. சாமியை இழுத்துப்போனவன் ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றி உருள வேண்டும் என்றது. அம்மாவின் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார்.

"தப்புத்தானுங்க, அவசரப்பட்டுப்போட்டேனுங்க" என்று கும்பிட்டுவிட்டு, சுடுமணலில் உருண்டார்.

நன்றாக வேண்டும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டோடு காத்துநின்ற அம்மா விம்மி விம்மி அழுதாள். சாமி தன்னை விட்டுப் போன துக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.