ராணி மாமியின் பூசாத சுவர்

மார்ச் 12, வியாழக்கிழமை, காலை 5.50. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ராணி மாமி காலமானார். அதுவரை எங்கள் நட்டஈட்டு மனுவில் ஒன்பது பேர். இப்போது எட்டுப் பேர். மருதனார்மடத்தில் ஒரு கடைக்குக் கொங்கிறீற் போடுவதைப் பார்க்க நான் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மா போன் எடுத்தார். "தம்பி, மாமி போட்டா. வேலையை விட்டிட்டு வா."

மாமியை நினைவுகூர வாசிகசாலையில் கூடியிருக்கும் உங்களில் பலருக்கு விஷயம் தெரியும். தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில், கொங்கிறீற் கூரை இருந்ததால் அயல் சனம் மாமி வீட்டில் ஒதுங்கியது. ஒரு காலை சீருடைக்காரர் வந்து ஆண்களை வெளியே கூப்பிட்டு, முன்சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். மாமியின் கணவர், மூத்த மகன், என் அப்பா எல்லாரும் அங்கேதான் விழுந்தார்கள். நான் அப்போது தொட்டிலில். அதற்குத்தான் நட்டஈடு கேட்கிறோம். ஒவ்வொரு விசாரணைக் குழுவும் ஒரே பதிலைத்தான் தருகிறது: 'ஷெல் வீச்சில் இறந்தோர்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் காசு வரும், கோரிக்கை அதோடு முடிந்தது.

ஒரு விசாரணைக்கு லீவு போட்டு மாமியைக் கூட்டிப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, எப்பிடி எழுதினாலும் ஒரே காசுதானே. ஷெல் எண்டு போட்டால் கெதியா முடியும்."

"தம்பி, ஷெல் வந்து ஆம்பிளையளை மட்டும் கூப்பிட்டு வரிசையிலை நிக்கச் சொல்லுமோ?"

அதிகாரி பேனையை மூடிவிட்டார். வெளியே வந்ததும் மாமி, "உவனும் பாவம், உத்தியோகம்" என்றார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இன்றும் அந்த அதிகாரி மீது எனக்கு இரக்கம் இல்லை.

வீட்டுத்திட்டம் வந்தபோது மாமிக்கும் ஒரு வீடு ஒதுக்கினார்கள். நிபந்தனை ஒன்று: அந்த முன்சுவர் நிற்கும் இடிந்த பழைய வீட்டை அகற்ற வேண்டும். மாமி மாட்டேன் என்றார். அதே வளவில் தகரக் கொட்டிலில் இருந்தார். நான் கட்டடப் படவரைஞர். சுவரை அளந்து, படம் கீறி, ஒவ்வொரு சூட்டுத் துளைக்கும் நிலத்திலிருந்து உயரம் குறித்து, போட்டோவும் எடுத்தேன். ஷெல் துண்டு கண்டபாட்டுக்குச் சிதறும். இந்தத் துளைகள் நெஞ்சுயரத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றன.

"எல்லாம் படத்திலை இருக்கு மாமி. இனி இடியுங்கோ. மழைக்குள்ளை கிடந்து சாகப் போறியள்."

"உன்ரை படத்துக்குள்ளை என்ரை விரல் போகுமோ? வாறவையை நான் எதிலை விரல் வைச்சுப் பார்க்கச் சொல்லுறது?"

பிடிவாதம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு மாமி கூழ் காய்ச்சி, "எஞ்சினியர் ஐயாவுக்குக் குடுங்கோ" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நக்கல்தான். கூழ் நல்லாயிருந்தது. சுவர் விஷயத்தில் அவர் சொன்னதும் சரி. படம் யாரும் கீறலாம் என்று மறுதரப்பு சொல்லும். சுவரை அப்படித் தள்ள ஏலாது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று, கனடாவிலிருந்து வந்திருக்கும் மாமியின் இளைய மகன் குகன் அண்ணை சொன்னதை அவர் முன்னாலேயே சொல்கிறேன். "அந்தியேட்டிக்கு முதல் வீடு வெள்ளையடிக்க வேணும். உந்த ஓட்டைச் சுவரோடை எப்பிடிச் சனத்தைக் கூப்பிடுறது? பூசச் சொல்லி மேசனுக்குச் சொல்லிப் போட்டன்."

என் அம்மாவே, "அது முறைதானே" என்றார். முறைதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் எல்லா வீட்டிலும் செய்வதுதான். அந்தச் சுவரைப் பார்த்தால் தனக்கு நித்திரை வருவதில்லை என்றும் குகன் அண்ணை சொன்னார். அவருடைய அப்பாவும் அதே இடத்தில்தான் விழுந்தவர்.  பூசினால் எட்டுப் பேரின் மனுவும் ஷெல் வீச்சாகிவிடும். பூச விடாவிட்டால், மகன் தாய்க்குச் செய்யும் கடமைக்குக் குறுக்கே நிற்பவன் நான்.

மனுவிலிருந்து விலகிக் கையெழுத்து வைத்தவர்களை மாமி ஒருநாளும் ஏசியதில்லை. "அவை பிள்ளையளைப் படிப்பிக்க வேணுமெல்லோ" என்பார். ஆனால் தான் வைக்கவில்லை. இந்த இரண்டையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். பொறுமை எனக்கு வராது. இனிச் செய்யப்போவது:

1. மேசன் வருவதற்கு முன், அதிகாரபூர்வமாகச் சுவரைப் பார்வையிட ஆள் அனுப்பும்படி விசாரணைக் குழுவிடம் கேட்க எங்கள் சட்டத்தரணியிடம் சொல்வேன். வருவார்கள் என்று நம்பவில்லை.

2. பழைய வீட்டில் நிற்கும் மற்றச் சுவர்களுக்கு நானே நின்று வெள்ளையடிப்பேன். அந்த ஒன்றை மட்டும் பந்தலுக்குக் கட்டும் வெள்ளைத் துணியால் மறைக்கலாமா என்று குகன் அண்ணையைக் கேட்பேன். மாட்டேன் என்றால் சண்டை பிடிக்க மாட்டேன். அது அவருடைய வீடு.

3. அவர் விமானம் ஏறுமுன், தாயின் இடத்தில் மனுவில் சேரச் சொல்வேன்.

4. என் அம்மா களைத்துவிட்டார். ஷெல் என்ற தாளில் கையெழுத்து வைக்கப் போகிறேன் என்று அவர் சொன்னால், மோட்டார் சைக்கிளில் நானே ஏற்றிக்கொண்டு போவேன். பிள்ளை என்று நான் கையெழுத்து வைக்கவும் ஒரு கோடு அந்தத் தாளில் இருக்கும். அதை வெறுமையாக விட்டுவிட்டு, அம்மாவைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வருவேன்.