பெட்டி தூக்கும் இசை

பிளாரன்ஸ் டீச்சர் இருபத்தாறு வருடமாக மாதா கோயில் மாடியில் கீபோர்டு வாசிக்கிறாள். அந்தக் கடற்கரைத் தெருவில் பாதிப் பேருக்குக் கல்யாணத்துக்கு வாசித்தாள், மீதிப் பேருக்கு அடக்கத்துக்கு வாசித்தாள். தனக்கென்று அவள் வைத்திருந்த இசை ஒன்றே ஒன்றுதான். அதையும் ஊர் பிடுங்கிக்கொண்டது.

அது ரெண்டே பக்கத்தில் முடிகிற ஒரு பியானோத் துண்டு. இருநூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் இப்படிக் குட்டிக் குட்டியாக எழுதினார்கள். பெரிய அரங்கத்துக்கு அல்ல, வீட்டுக்குள் ஒருவர் இன்னொருவருக்கு வாசித்துக்காட்ட. பாட வார்த்தை கிடையாது. இடது கை நிதானமாகப் போய்க்கொண்டிருக்க, வலது கை தனக்குத்தானே முணுமுணுப்பதுபோல் ஒரு மெட்டைச் சொல்லும். தாளின் தலைப்பில் ஜெர்மன் மொழியில் ஒரு வரி. அதற்கு அர்த்தம் கேட்டு வைத்திருந்தாள்: 'என் மனைவியின் பிறந்தநாளுக்கு.'

கணவன் இனிகோ கப்பலுக்குப் போனால் வர ஒன்பது மாதம். மகள் ஜெமிமா வயிற்றில் இருந்தபோது, பேச ஆளில்லாத மத்தியானங்களில் அதைப் பழகினாள். பிள்ளை பிறந்தபிறகு மடியில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் வாசித்தாள். அந்த வீட்டில் அதுதான் தாலாட்டு.

ஜெமிமாவுக்கு ஐந்து வயதாகும்போது ஒரு தோணி முதலாளி இறந்துபோனார். பூசை முடிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து மூத்த மகன் வந்து சேரவில்லை. கோயில் நிறைய சனம் சும்மா நிற்கிறது. சாமியார் மாடியைப் பார்த்து, ஏதாவது வாசி என்று கையை ஆட்டினார். பதற்றத்தில் பிளாரன்ஸின் விரல் தெரிந்த இடத்துக்கு, அந்தத் தாலாட்டுக்கே, போயிற்று. அந்த நேரம் பார்த்து மகன் வாசலில் நுழைந்து, சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினான். மொத்தக் கோயிலும் முழங்கால் போட்டு அழுதது.

அவ்வளவுதான், முடிந்தது கதை. மறுவாரமே இன்னொரு வீட்டார் வந்தார்கள். "முதலாளிக்கு வாசிச்சத எங்க அப்பாவுக்கும் வாசிக்கணும் டீச்சர். காசுள்ளவுகளுக்கு மட்டுந்தானா?" எப்படி மறுப்பாள்? ஒருவருக்கு வாசித்துவிட்டு இன்னொருவருக்கு இல்லையென்றால் செத்தவரை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். வருடம் போகப் போக வழக்கமே ஆகிவிட்டது. அந்த இசை கிளம்பினால் பெட்டி தூக்குவார்கள், சனம் முழங்கால் போடும்.

ஒருநாள் வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்து வாசித்தாள். எதிர்வீட்டுக்காரி ஈரத்தலையோடு ஓடிவந்து, "யாரு தவறிட்டா டீச்சர்?" என்றாள். அன்றிலிருந்து ஹெட்போன்தான். சொந்த வீட்டில் சொந்த இசையைத் திருடி மாதிரி கேட்க வேண்டிய கதியை நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இழவு வீட்டிலா?

போன ஜனவரியில் ஜெமிமாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நியூசிலாந்தில் வேலை, பத்து நாளில் பயணம். "எம்மா, நான் கோயிலுக்குள்ள வரும்போது நீ அதத்தான் வாசிக்கணும். அது எனக்கு வாசிச்சதுல்லா?" என்று ஜெமிமா கேட்டாள். இருபது வருடத்தில் அதை அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

இனிகோவின் தங்கை விஜிலா காதில் விழுந்ததும் வீடு ரெண்டுபட்டது. "மைனி, உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பிள்ள மாலையும் கழுத்துமா வாரா, பொட்டி தூக்குத பாட்ட வாசிக்கப் போறீகளா?"

பிளாரன்ஸ் தாளை எடுத்துக் காட்டினாள். "இது பிறந்தநாளுக்கு எழுதினது விஜிலா."

"தாள்ல என்னமும் இருந்துட்டுப் போவட்டும். ஊருக்கு அது சாவுப் பாட்டுதான்."

"ஊரு ஒத்துக்காதுளா," என்றான் இனிகோ. கடல் கடலாகச் சுற்றியவனுக்கும் ஊர் என்றால் பயம். சரி, வழக்கமான கல்யாண இசையே வாசிக்கிறேன் என்றாள் பிளாரன்ஸ். மகளிடம் மட்டும் மெதுவாக, "அதத்தான் வாசிக்கேன்" என்றாள்.

கல்யாணத்தன்று இனிகோவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெமிமா வாசலில் வந்து நின்றாள். பிளாரன்ஸ் ஆரம்பித்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு சந்தோஷமாக வாசித்தாள்.

நாலாவது வரியில் முன்வரிசைக் கிழவிகள் பட்டுச்சேலையோடு முழங்கால் போட்டார்கள். யோசித்துச் செய்ததல்ல, இருபது வருடப் பழக்கம். அவர்களைப் பார்த்துப் பின்வரிசை. ஆண்கள் தலையைக் குனிந்தார்கள், ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். நடுவில் ஜெமிமா வெள்ளை உடுப்பில் நின்றாள். ஒரு கண்கூட அவளைப் பார்க்கவில்லை, எல்லாம் தரையைப் பார்த்தன. பிளாரன்ஸ் மாடியிலிருந்து பார்த்தாள். பெட்டிதான் இல்லை, மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தது.

விரல் வழக்கமான கல்யாண இசைக்குத் தாவியது. சனம் அசடு வழிந்து சிரித்துக்கொண்டே எழுந்தது. ஜெமிமா ஒரே ஒரு தடவை மாடியை நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தாள்.

விமான நிலையத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "பரவால்லம்மா, நாலு வரி கேட்டேன்லா," என்றாள்.

அடுத்த நாள் ஓர் அடக்கம். செத்தவர் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து தெருக்கோடியில் வாடகைக்கு இருந்தவர், யாருக்கும் அதிகம் பழக்கமில்லை. பெட்டி தூக்கும் நேரம் வந்தது. பிளாரன்ஸ் வாசித்தாள். நாலாவது வரியைத் தாண்டியபோது அழுகை வந்தது. அடக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. மகளுக்கு வைத்திருந்த மிச்சத்தையெல்லாம் கடைசிவரை வாசித்து முடித்தாள்.

கீழே முழங்காலில் இருந்த ஒருத்தி, பக்கத்திலிருந்தவளிடம் மெல்லக் கேட்டாள்: "செத்தவரு டீச்சருக்குச் சொந்தமோ?"